சிறு மீன்குட்டைகளின் அடிச்சேற்றை உறிஞ்சியெடுக்கும் கருவி

கிணற்றோரத்திலும் தோப்பின் பள்ளத்திலும் இரண்டு சென்ட் முதல் பத்து சென்ட் வரையில் குட்டை வெட்டி, அதில் கட்லா, ரோகு, மிர்கால் முதலிய மீன்களை வளர்த்துவரும் குடியானவர்களுக்கு நேரிடும் நஷ்டங்களில் மிகக் கொடியது ஓர் இரவுக்குள் நேரிடுவதாகும். முதல் நாள் மாலையில் தவிட்டுக்குத் திரண்டு வந்த மீன்கள் மறுநாள் விடியற்காலையில் வெள்ளை வயிறு தெரிய மிதக்கின்றன. எவரோ விரோதிகள் விஷம் கலந்துவிட்டனர் என்று அயல் பட்டாதாரர் மீது சந்தேகம் எழுகின்றது. கிராம அதிகாரியிடம் பிராதும், சில சமயங்களில் போலீசு விசாரணையும் உண்டாகின்றன. ஆனால் பல சந்தர்ப்பங்களில் அந்த விஷம் வெளியிலிருந்து வந்ததன்று. குட்டையின் அடியிலேயே பல மாதங்களாகச் சேர்ந்துவந்த கருஞ்சேறே அது.

இவ்விரண்டையும் பிரித்தறிவதற்குச் சில அடையாளங்கள் உண்டு. விஷத்தால் மீன்கள் எந்த வேளையிலும் சாகும். சிறியவை, பெரியவை, தவளை, நீர்ப்பூச்சி என்னும் பேதமின்றிச் சாதலும் உண்டு. பிராணவாயுக் குறைவால் சாவது பெரும்பாலும் விடியலுக்கு முந்திய நேரத்தில். பெரிய மீன்களே முதலில் மடியும். அன்றியும் விரால், தேளி, பனையேறிக் கெண்டை ஆகியவை நீருக்கு மேல் வந்து காற்றை நேரே சுவாசிக்கக் கூடியவையாதலால், கட்லாவும் ரோகுவும் மடிந்த குட்டையில் இவை மட்டும் உயிரோடு திரிவதைக் காணலாம். விரால் உயிரோடிருக்கிறதே, நீரில் குற்றமில்லை என்று எண்ணுவது தவறு. விசாரணைக்கு வரும் அதிகாரி, முந்தின சில நாட்களில் மீன்கள் விடியலில் மேல்மட்டத்தில் வாய் பிளந்து நின்றனவா என்பதையும் முதலிலேயே கேட்டறிந்துகொண்டால், அநாவசியமான வழக்குகள் பல நின்றுபோகும்.

சேறு எவ்வாறு மீனைக் கொல்கின்றது

குட்டையில் இடும் தவிடு, கடலைப் பிண்ணாக்கு, சாணம் ஆகியவற்றில் மீன் உண்டது போக எஞ்சியதும், மீனின் கழிவும், மடிந்த பாசியும், கரையிலுள்ள மரங்களின் சருகும் அடியில் படிகின்றன. அங்கே நுண்ணுயிர்கள் இவற்றை அழுகச் செய்யும்போது நீரிலுள்ள பிராணவாயுவைச் செலவழிக்கின்றன. பகலில் வெயில் உள்ளவரையில் பாசி பிராணவாயுவை உற்பத்தி செய்வதால் குறை தெரிவதில்லை. இரவிலோ உற்பத்தி நின்றுவிடுகின்றது. மீன், பாசி, சேறு ஆகிய மூன்றும் ஒருங்கே பிராணவாயுவைச் செலவிடுகின்றன. ஆகையால் விடியற்காலை நான்கு, ஐந்து மணிக்கு அது மிகக் குறைந்திருக்கும். ஒரு லிட்டர் நீரில் 5 மில்லிகிராம் பிராணவாயு இருப்பது சிலாக்கியம். 3-க்குக் கீழே இறங்கினால் இம்மீன்கள் தவிக்கத் தொடங்கும். நீர் சூடேறச் சூடேற அது தாங்கக்கூடிய பிராணவாயுவின் அளவு குறைகின்றது. 20 டிகிரி உஷ்ணமுள்ள நீரில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் வரையில் கரைந்திருக்கலாம். 30 டிகிரியில் ஏழரைக்கு மேல் கரைந்து நிற்பதில்லை. சித்திரை, வைகாசி மாதங்களில் குட்டைகள் அழிவதற்கு இது ஒரு காரணம்.

பிராணவாயு எட்டாத ஆழ்ந்த சேற்றில் வேறுவகை நுண்ணுயிர்கள் வளர்ந்து, அமோனியாவையும், அழுகிய முட்டையின் நாற்றமுடைய ஹைட்ரஜன் சல்பைடு என்னும் விஷவாயுவையும் உண்டாக்குகின்றன. இவை சேற்றில் அடங்கியிருக்கும் வரையில் தீங்கு வெளிப்படுவதில்லை. கடும் வெயிலுக்குப் பின் திடீரென்று கோடைமழை பெய்து மேல்நீர் குளிர்ந்து கீழிறங்கினாலும், ஆட்கள் இறங்கி வலை இழுத்தாலும், அடிநீர் கலங்கி மேலெழும். அப்பொழுதுதான் மீன்கள் கூட்டங்கூட்டமாய் மடிகின்றன.

ஆனால் சேறெல்லாம் பகையன்று. அடியில் மூன்று நான்கு அங்குல அளவு பழுப்பு நிறமான மென்மண் இருப்பது நீரின் சத்துக்கும், அடியில் மேயும் மிர்காலுக்கும் வேண்டுவதே. கைப்பிடி மண்ணை எடுத்துப் பார்த்தால், கறுத்து, வழுவழுப்பாய், நாற்றமடிப்பதே அகற்றத்தக்கது. அதன் கனத்தை அளக்க இரண்டு மூங்கிற்கழிகள் போதும். ஒன்றன் அடியில் ஒரு சாண் அகலமுள்ள பலகைத்துண்டை அறைந்து மெதுவாய் இறக்கினால் அது சேற்றின் மேற்புறத்தில் நிற்கும். மற்றொன்றைக் கெட்டித்தரை தட்டும் வரையில் ஊன்ற வேண்டும். நீர்மட்டத்தில் இரண்டிலும் குறித்த அடையாளங்களின் வித்தியாசமே சேற்றின் கனம். இரை போடும் மூலையிலும், காற்று ஒதுக்கும் கரையிலும் இது மிகுந்திருக்கும். குட்டை முழுவதும் ஒரே கனமாய் இருப்பது அரிது. அரை அடிக்கு மேற்பட்டால் இனித் தாமதிக்கலாகாது.

வழக்கமான முறை, கோடையில் நீரை முற்றும் இறைத்து, மீனைப் பிடித்துவிட்டு, வெயிலில் காயவைத்து, மண்வெட்டியால் வெட்டிக் கரையேற்றுவதே. ஆண்டுக்கொருமுறை அவ்வாறு செய்யக் கூடியவர்களுக்கு அதைக் காட்டிலும் நல்லது வேறில்லை. ஊற்றுள்ள குட்டைகள் வற்றுவதில்லை. மீண்டும் நிரப்ப நீரில்லாதவர்கள் இறைக்கத் துணிவதில்லை. மீன் பாதி வளர்ந்திருக்கும்போது இறைப்பது நஷ்டம். இத்தகையோருக்கே இங்குக் கூறும் கருவி.

நீர் தானே செய்யும் வேலை

ஏரிகளில் முற்காலத்தார் கட்டிய குமிழித்தூம்புகளில், தெளிந்த நீர் செல்லும் நீரோடி என்னும் துளையும், அடிச்சேறு செல்லும் சேறோடி என்னும் துளையும் தனித்தனியே அமைந்திருத்தலைக் காணலாம். நீர் வெளியேறும் வேகத்தையே கொண்டு சேற்றையும் வெளியேற்றும் உபாயம் அது. சிறு குட்டைக்குத் தூம்பு கட்டுவாரில்லை. ஆயினும் வேண்டிய இடத்துக்கு நகர்த்தக்கூடிய ஒரு சேறோடியைக் குழாயைக் கொண்டு செய்துகொள்ளலாம்.

கரைக்கு வெளியிலுள்ள நிலம் குட்டையின் நீர்மட்டத்தைவிடத் தாழ்ந்திருந்தால், ஒரு குழாயின் ஒரு முனையைக் குட்டையில் அமிழ்த்தி, கரையின் மேலாக மடக்கி, மறுமுனையைப் பள்ளத்தில் விட்டு, குழாய் முழுவதும் நீர் நிரம்பியிருக்கச் செய்தால், நீர் இடைவிடாமல் வெளியே ஓடும். வெளிப்புறக் குழாயில் இறங்கும் நீரின் பாரத்தால் குழாயின் மேல்வளைவில் அழுத்தம் குறைகின்றது. குட்டையின் மேல் அழுத்திக்கொண்டிருக்கும் காற்று, அந்தக் குறையை நிரப்பும் பொருட்டு நீரை உள்ளே தள்ளுகின்றது. வீட்டைச் சுத்தம் செய்யும் மின்சார உறிஞ்சுகருவி காற்றைக் கொண்டு செய்யும் வேலையை இங்கே நீரின் வீழ்ச்சி கூலியின்றிச் செய்கின்றது. காற்றின் அழுத்தம் நீரைத் தூக்கக் கூடிய எல்லை கடல்மட்டத்தில் 34 அடி. நடைமுறையில் 20 அடி என்று கொள்ளலாம். குட்டைக்கரை மூன்று நான்கு அடியே உயர்ந்திருப்பதால் இதைப்பற்றிக் கவலையில்லை.

கவலைப்பட வேண்டியது வீழ்ச்சியின் அளவைப்பற்றியே. குட்டையின் நீர்மட்டத்துக்கும், குழாயின் வெளிவாய்க்கும் உள்ள உயர வித்தியாசமே வேகத்தை நிர்ணயிக்கின்றது. குழாயின் உள்முனை எவ்வளவு ஆழத்தில் கிடக்கின்றது என்பதன்று. இதில் அநேகர் தவறிவிடுகின்றனர். இரண்டங்குலக் குழாய் 50 அடி நீளத்தில், ஐந்தடி வீழ்ச்சிக்கு நிமிஷமொன்றுக்கு ஏறக்குறைய 150 முதல் 200 லிட்டர் வரையில் வெளியேற்றும். ஒன்றரை அடிக்குக் குறைந்த வீழ்ச்சியில் நீர் ஓடினும் வேகம் போதாமல் சேறு குழாயினுள்ளேயே படிந்துவிடும்.

கருவி செய்யும் விதம்

உறிஞ்சும் தலைப்பே இக்கருவியின் உயிர். இரண்டங்குல பி.வி.சி. குழாயில் ஒன்றரை அடி நீளமுள்ள துண்டை எடுத்து, அதன் நடுவில் 'டீ' என்று கடைகளில் வழங்கும் மூவழி இணைப்பைப் பொருத்தி, இரு முனைகளையும் மூடியிட்டு அடைக்க வேண்டும். படுக்கையாய் நிற்கும் இக்குழாயின் அடிப்புறத்தில் முக்கால் அங்குல விட்டமுள்ள ஏழு துவாரங்கள் வரிசையாய் இட வேண்டும். ஏழு என்பதற்குக் காரணம் உண்டு. இரண்டங்குலக் குழாயின் வாய் சுமார் மூன்று சதுர அங்குலம். இவ்வேழு துவாரங்களின் பரப்பும் ஏறக்குறைய அதுவே. துவாரங்கள் மிகுந்தால் ஒவ்வொன்றிலும் இழுப்பு தளர்ந்து, தெளிந்த நீர் மட்டுமே வரும். குறைந்தால் குழாய் பட்டினி கிடக்கும். அன்றியும் முக்கால் அங்குலத் துவாரத்துள் நுழையும் பொருள் எதுவும் இரண்டங்குலக் குழாயில் சிக்கி நிற்பதில்லை. புனல் போன்ற அகன்ற வாயை வைப்பது பார்வைக்கு நன்றாயிருப்பினும், அகன்ற வாயில் இழுப்பு பரவி வீணாகின்றது.

தலைப்பின் இரு பக்கங்களிலும் ஓரங்குல உயரமுள்ள மரக்கட்டைகளைச் சறுக்குக்கட்டைகளாகக் கம்பியால் கட்டிவிட்டால், துவாரங்கள் தரையைக் கவ்விக்கொள்ளாமலும், கெட்டியான களிமண்ணைப் பெயர்க்காமலும் இருக்கும். அந்தக் களிமண் குட்டையின் கசிவைத் தடுத்து நிற்பது. அதைப் பெயர்த்தவன் பின்னர் நீர் தங்கவில்லையென்று வருந்த வேண்டிவரும். பி.வி.சி. குழாய் மிதக்காதபடி ஒரு செங்கல்லைச் சேர்த்துக் கட்டி, பன்னிரண்டடி மூங்கிலொன்றைக் கைப்பிடியாகப் பிணைக்க வேண்டும்.

தலைப்பிலிருந்து கரைக்கு வரும் குழாய் வளையக் கூடியதாயும், உள்ளிழுப்பில் சப்பிப்போகாததாயும் இருத்தல் அவசியம். வயலுக்கு நீர் பாய்ச்ச விரித்துப்போடும் தட்டைக் குழாய் இதற்கு உதவாது. திறந்தவுடன் அது ஒட்டிக்கொள்ளும். மோட்டாரின் உறிஞ்சுபக்கத்தில் மாட்டும், சுருள்வரி கொண்ட தடித்த குழாயே தக்கது. இணைப்புகளில் காற்று நுழையுமானால் ஓட்டம் அறுந்துவிடுமாகையால் ஒவ்வொன்றையும் பட்டையிட்டு முறுக்க வேண்டும். கரைமேல் ஒரு முழம் கண்ணாடிபோல் தெளிந்த பிளாஸ்டிக் குழாயை இடையில் சேர்ப்பது சிறு செலவே. அதன் வழியே செல்லும் நீர் கறுத்திருக்கும் வரையில் தலைப்பை அவ்விடத்திலேயே நிறுத்தலாம், வெளுத்தவுடன் நகர்த்தலாம். வெளிவாயில் ஒரு வால்வு வைக்க வேண்டும். கிணற்று மோட்டாருக்கு வைக்கும் புட்வால்வு இங்கே வேண்டாம். முதல் சருகிலேயே அது அடைத்துக்கொள்ளும்.

ஓட்டத்தைத் தொடங்கும்பொருட்டுக் குழாயை வாயால் உறிஞ்சுவோர் உண்டு. குட்டைநீர் எலிக்காய்ச்சல் முதலிய நோய்களைப் பரப்பக் கூடியதாகையால் அதை எக்காரணத்தாலும் செய்யலாகாது. குழாய் முழுவதையும் குட்டையில் அமிழ்த்திக் காற்றுக் குமிழிகள் நிற்கும் வரையில் வைத்திருந்து, வால்வை நீருக்குள்ளேயே மூடி, அம்முனையைக் கரைதாண்டிப் பள்ளத்தில் இறக்கிப் பின் திறந்தால் போதும்.

வேலை செய்யும் முறை

விடியலில் தொடங்குதல் கூடாது; பிராணவாயு அப்பொழுதுதான் மிகக் குறைவு. வெயில் ஏறி, ஒன்பது மணிக்குமேல் தொடங்கி நண்பகலுக்குள் முடிப்பது உத்தமம். மேகமூட்டமான நாட்களைத் தவிர்க்க வேண்டும். முதல் நாள் இரை போடாதிருத்தல் நன்று. தலைப்பை வாரிபோல் இழுத்தால் சேறு கலங்கி மேகம்போல் எழும். அக்கலங்கலே மேலே கூறிய விஷவாயுக்களை நீரெங்கும் பரப்பும். ஓரிடத்தில் வைத்து, அங்குள்ளது வடிந்தபின் ஒரு சாண் நகர்த்தி மீண்டும் நிறுத்த வேண்டும். இவ்வேலைக்குப் பலசாலியைவிடப் பொறுமைசாலியே ஏற்றவன். வீட்டிலுள்ள முதியோர் இதை இளைஞரைவிட நன்றாகச் செய்வர்.

ஐந்து சென்ட் குட்டையின் பரப்பு சுமார் 200 சதுர மீட்டர். நான்கடி ஆழமாயின் அதில் ஏறக்குறைய 2,40,000 லிட்டர் நீர் இருக்கும். நிமிஷத்துக்கு 150 லிட்டராக இரண்டு மணி நேரம் ஓட்டினால் வெளியேறுவது 18,000 லிட்டர். நீர்மட்டம் மூன்றரை அங்குலமே இறங்கும். மீனுக்கு இதனால் இடையூறில்லை. ஆனால் அடிப்பரப்பு முழுவதையும் ஒரே நாளில் முடித்துவிட முயலலாகாது. நான்கிலொரு பாகத்தை ஒரு நாளும், ஒரு வாரம் கழித்து அடுத்த பாகத்தையும் எடுப்பது சரியான முறை. வேலையின் நடுவே மீன்கள் மேலே வந்து வாய் பிளக்குமானால் உடனே நிறுத்தி, கிணற்று நீரை உயரத்திலிருந்து சிதறி விழும்படி விட வேண்டும். சிறு குஞ்சுகள் விட்டிருக்கும் குட்டையில் இக்கருவியை உபயோகித்தால் அவையும் உறிஞ்சப்பட்டுவிடும். ஆகையால் குஞ்சு விடுவதற்கு முன்னரே இவ்வேலையை முடித்துக்கொள்ளுதல் வேண்டும்.

வெளியேறும் கருநீரைப் பொது வாய்க்காலிலோ, ஊருணியிலோ, அயலார் கிணற்றோரத்திலோ விடுவது குற்றமும் வீண் சண்டைக்கு வித்துமாகும். அது எறியத்தக்க பொருளுமன்று. ஆறடி ஆரமுள்ள தென்னைப் பாத்தியில் மூன்றங்குலம் நிற்கும்படி விட்டால் ஒரு மரத்துக்கு 750 லிட்டர், அதாவது ஐந்து நிமிஷ ஓட்டம். இரண்டு மணி நேரத்தில் 24 மரங்களுக்கு நீரும் எருவும் ஒருங்கே கிடைக்கின்றன. வாழைத்தோட்டத்துக்கும் விடலாம். நீர் கட்டியிருக்கும் நெல் நாற்றங்காலில் மட்டும் பச்சைச் சேற்றை விடலாகாது. அங்கே அது மேலும் அழுகி வேரைக் கெடுக்கும். உவர்நீர்க் குட்டையின் சேறு எந்தப் பயிருக்கும் உதவாது.

ஏரி, கண்மாய் ஆகியவற்றின் வண்டலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அவற்றில் வண்டல் எடுக்க வருவாய்த் துறையின் அனுமதி வேண்டும். பத்து சென்டுக்கு மேற்பட்ட நீர்நிலைகளில் இச்சிறு கருவியைக்கொண்டு வேலை செய்வது குடத்தால் கடலை இறைப்பது போன்றதே.

பள்ளமில்லாத இடங்களில்

சுற்றிலும் சமதரையாயின் வீழ்ச்சியை உண்டாக்கிக்கொள்ள வேண்டும். கரைக்கு வெளியே மூன்றடி விட்டமுள்ள கிணற்று உறைகளை, மேல்விளிம்பு தரைக்குமேல் நிற்கும்படி, ஐந்தடி ஆழத்துக்கு ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி, அடியைச் சிமெண்டால் அடைத்துவிட்டால், அதுவே செயற்கைப் பள்ளமாகும். குழாயின் வெளிவாயை அதனுள் விட்டு, அங்கே சேரும் நீரை ஒரு குதிரைச்சக்தி மோட்டாரால் இறைத்துக்கொண்டிருக்க வேண்டும். உறையிலுள்ள நீர்மட்டம் குட்டையின் மட்டத்தைவிட எப்பொழுதும் இரண்டடியாவது தாழ்ந்திருந்தால் உறிஞ்சல் நடைபெறும். சருகும் மணலும் உறையின் அடியில் தங்கிவிடுமாதலால், மோட்டாரின் உறிஞ்சுகுழாயை அடியிலிருந்து ஓரடி உயர்த்தி வைத்தால் சக்கரம் அடைபடாது. மோட்டாரையே நேரே குட்டைச் சேற்றில் இறக்குவோர் அதை அடிக்கடி கழற்ற வேண்டியவராவர்.

இரும்புப் பீப்பாயை இறுக மூடி, அதன் ஒரு பக்கம் மோட்டாரையும் மறுபக்கம் சேற்றுக்குழாயையும் மாட்டும் முறையும் உண்டு. உள்ளே அழுத்தம் குறையும்போது வெளிக்காற்று மெல்லிய பீப்பாயை நசுக்கிவிடக் கூடும். பிளாஸ்டிக் பீப்பாய் சிறிதும் தாங்காது. ஆகையால் திறந்த உறையே பாதுகாப்பானது.

இரண்டு விஷயங்களில் உயிருக்கே அபாயம் உண்டு. மின்சார மோட்டார் ஓடும்போது எவரும் குட்டைக்குள் இறங்கி நிற்கலாகாது. கம்பியில் சிறு கசிவு இருப்பினும் நீரில் நிற்பவனை அது கொன்றுவிடும். கசிவு நேர்ந்த கணமே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியைப் பொருத்திக்கொள்வதும், கைப்பிடியைக் கரைமேல் நின்றே இயக்குவதும் கட்டாயம். மற்றொன்று, உறையின் அடியில் தங்கிய சேற்றை அள்ள ஆளை உள்ளே இறக்குவது. அழுகற்சேறு கிடக்கும் குறுகிய குழியில் விஷவாயு சேர்ந்து நிற்கும். அதிகமானால் நாற்றமே தெரியாமல் நுகர்ச்சியை மழுக்கிவிடும். இறங்கியவனைக் காப்பாற்ற இறங்கும் இரண்டாமவனும் மடிவான். நீண்ட கைப்பிடியுள்ள வாளியால் மேலிருந்தே அள்ள வேண்டும்.

சேறு எடுத்த நான்கைந்து நாட்களுக்குப் பின், நீரின் காரத்தன்மை ஏற்கெனவே மிகாதிருந்தால், ஐந்து சென்டுக்கு ஐந்து கிலோ வீதம் சுண்ணாம்பை நீரில் கரைத்து ஆறவைத்துக் காலையில் தெளிக்கலாம். காரம் மிகுந்த நீரில் சுண்ணாம்பு இட்டால் அமோனியாவின் விஷத்தன்மை அதிகரிக்கும். மண்பரிசோதனை நிலையத்தில் நீரைக் காட்டியபின் இடுவது நலம். இரையை ஒரே மூலையில் கொட்டாமல், துவாரமிட்ட பையிலோ தட்டிலோ வைத்துத் தொங்கவிட்டு, இரண்டு மணி நேரத்தில் தின்னாததை வெளியே எடுத்துவிட்டால், மறுமுறை சேறெடுக்கும் காலம் வெகுவாய்த் தள்ளிப்போகும்.

வேலை முடிந்ததும் தெளிந்த நீரைச் சற்று நேரம் குழாய் வழியே ஓடவிட்டுக் கழுவி, துவாரங்களில் சிக்கிய நாரை நீக்கி, நிழலில் வளையமாய்ச் சுற்றித் தொங்கவிட வேண்டும். வெயிலில் கிடக்கும் குழாய் ஓராண்டு இரண்டாண்டுகளில் இறுகி வெடித்துவிடும். வெடிப்பு மயிரிழையளவே ஆயினும் காற்று புகுந்து ஓட்டத்தை நிறுத்திவிடும்.